ஆண்ட்ரூ டேட்: இவரா நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டி?

 

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், பெண்களை எப்படி அடக்கி வைக்க வேண்டும் என்று ஆண்ட்ரூ டேட் சொல்கிறாரே, அதைத்தானே குர்ஆனும் சொல்கிறது? அவர் துணிந்து சொல்கிறார். ஆலிம்களாகிய நீங்கள் ஏன் மேடையில் சொல்லப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்.

கேட்டவர் ஐவேளையும் தொழுகிற பிள்ளை. கெட்ட சகவாசம் எதுவும் இல்லாதவர். அதனால்தான் அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனைக் கையில் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு மார்க்கத்தைக் கற்றுக் கொடுப்பவர் யார் என்று அன்று தெரிந்து கொண்டேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கலாம். உங்கள் மகன் அதை உங்களிடம் கேட்காமல் இருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே இந்த மனிதர் யார், இவருடைய தொழில் என்ன, இவர் சொல்லும் ஆண்மைக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த ஆண்மைக்கும் என்ன சம்பந்தம் என்பதை நிதானமாகப் பார்ப்போம். ஆத்திரப்பட வேண்டாம். ஆதாரத்தைப் பார்த்து விட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

யார் இவர்?

1986 டிசம்பரில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர் ஆண்ட்ரூ டேட். தந்தை எமரி டேட் பெயர் பெற்ற சதுரங்க வீரர். சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர். 2015ல் இறந்து விட்டார். தாய் இங்கிலாந்துக்காரர். பெற்றோர் பிரிந்த பின் தாயுடன் இங்கிலாந்திலுள்ள லூட்டன் நகரில் வளர்ந்தார். கிக்பாக்ஸிங் விளையாட்டில் உலகப் பட்டங்கள் வென்றார். இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. உழைத்து உடலை வளர்த்து வென்றவரை நாமும் பாராட்டுவோம்.

2016ல் இங்கிலாந்தில் 'பிக் பிரதர்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்து கொண்டார். ஒரு பெண்ணை அவர் பெல்ட்டால் அடிக்கும் காட்சி வெளியானதையடுத்து நிகழ்ச்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அது சம்மதத்தோடு நடந்தது என்று அவரும் அந்தப் பெண்ணும் கூறினார்கள். அதையும் பதிவு செய்து விடுகிறோம். 2017ல், பாலியல் கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்ற கருத்தை எழுதியதற்காக ட்விட்டர் அவரை நீக்கியது. அந்தக் காலகட்டத்தில் அவர் ருமேனியா நாட்டில் போய்க் குடியேறினார்.

பிறகு இளைஞர்களுக்குப் 'பாடம்' நடத்தத் தொடங்கினார். பெண்ணை மயக்குவது எப்படி, அவளைக் கைக்குள் வைத்திருப்பது எப்படி, பணம் சம்பாதிப்பது எப்படி என்பவையே பாடங்கள். 2021ல் 'ஹஸ்லர்ஸ் யுனிவர்சிட்டி' என்ற பெயரில் ஒரு கடை திறந்தார். மாதச் சந்தா ஏறக்குறைய 50 டாலர். சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இதில் ஒரு தந்திரம் இருந்தது. சேர்ந்த மாணவன் வேறொருவனைச் சேர்த்து விட்டால் அவனுக்குக் கமிஷன்! ஆள் பிடிக்க என்ன வழி? டேட் பேசிய பேச்சுகளில் எது அதிகச் சண்டையைக் கிளப்புமோ அதை வெட்டி எடுத்து டிக்டாக்கில் பரப்ப வேண்டும். திட்டுபவன் பார்த்தாலும் லாபம், பாராட்டுபவன் பார்த்தாலும் லாபம். இப்படித்தான் 2022ல் அவருடைய பெயரில் வந்த காட்சிகள் டிக்டாக்கில் ஆயிரம் கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன.

உங்கள் மகன் செல்போனில் தானாக வந்து விழுந்தது என்று நினைக்கிறானே, அது தானாக விழவில்லை. கமிஷனுக்காக எறியப்பட்டது. இதைத் தஃவா என்று நினைத்து மற்றவருக்கு அனுப்பும் நம் பிள்ளை, சம்பளம் வாங்காமல் இன்னொருவர் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான்!

காதல் என்னும் தூண்டில்

இவருடைய முதல் பெரும் செல்வம் எங்கிருந்து வந்தது? குத்துச் சண்டையிலா? இல்லை. பெண்களைக் காமிராவுக்கு முன் உட்கார வைத்து, உலகெங்குமுள்ள ஆண்களிடம் பணம் கறக்கும் 'வெப்கேம்' தொழிலிலிருந்து வந்தது.

இதை எதிரிகள் சொல்லவில்லை. அவரே தமது இணையதளத்தில் எழுதி வைத்திருந்தார். பிறகு அது நீக்கப்பட்டது. ஒரு பெண்ணைச் சந்திப்பது, சில நாள் வெளியே அழைத்துச் செல்வது, உடலுறவு கொள்வது, சொன்னதையெல்லாம் செய்யும் அளவுக்கு அவள் தம்மைக் காதலிக்கும்படி செய்வது, அதன் பின் அவளைக் காமிராவுக்கு முன் உட்கார வைப்பது. இதுதான் தமது வேலை என்பது அவர் எழுதியதன் சாராம்சம். அந்தப் பெண்கள் சொல்லும் சோகக் கதைகளை நம்பி ஆண்கள் பணத்தைக் கொட்டுவார்கள், இது முழு மோசடிதான் என்று இங்கிலாந்து நாளேடு ஒன்றிடம் வெட்கமில்லாமல் பேசியும் இருக்கிறார்.

ருமேனிய அரசு வழக்கறிஞர்கள் இந்த முறையை 'லவர் பாய்' முறை என்று அழைக்கிறார்கள். காதலிப்பதாகவும் சேர்ந்து வாழ்வதாகவும் மணமுடிப்பதாகவும் நம்ப வைத்து, பிறகு தொழிலில் இறக்குவது. 2022 டிசம்பர் 29 அன்று டேட்டும் அவருடைய தம்பி டிரிஸ்டனும் கைது செய்யப்பட்டனர். 2023 ஜூனில் ஆள் கடத்தல், கற்பழிப்பு, பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டக் குற்றக் கும்பல் அமைத்தது ஆகியவை குறித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் புக்கரெஸ்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் குறைபாடுகள் இருப்பதாகக் கூறி அரசு வழக்கறிஞர்களிடமே திருப்பி அனுப்பியது. 2025 பிப்ரவரியில் பயணத் தடை நீக்கப்பட்டு சகோதரர்கள் அமெரிக்கா சென்றார்கள். 2025 மே மாதம் இங்கிலாந்தின் அரசு வழக்குத் துறை, இருவர் மீதும் சேர்த்து 21 குற்றச்சாட்டுகள் இருப்பதை உறுதி செய்தது. எல்லாவற்றையும் இருவரும் மறுக்கிறார்கள்.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. பொய் வழக்கில் சிறை சென்று வருடக் கணக்கில் வாடிய சகோதரர்களைக் கண்ட சமுதாயம் நாம். காவல்துறை சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். டேட்டுக்கும் அந்த நீதி உண்டு. ஆனால் நமது விமர்சனம் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டின் மேல் நிற்கவில்லை. அவரே தம் வாயால் சொன்ன, தம் கையால் எழுதிய, பெருமையாக விளம்பரம் செய்த தொழிலின் மேல் நிற்கிறது. அதை மறுக்க எந்த வக்கீலாலும் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீர்ப்பு வரும்வரை அவரைக் குற்றவாளி என்று சொல்லாதே என்கிறோம். சரி. அதே தீர்ப்பு வரும் முன் புகார் சொன்ன பெண்களை மட்டும் பொய்க்காரிகள், பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்களே, இது என்ன நியாயம்? தம் கணவர் செய்த அநீதியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடினார் கவ்லா (ரலி) என்ற பெண்மணி. அந்த முறையீட்டை அல்லாஹ் செவியேற்றான். ஓர் அத்தியாயமே அந்த வாதத்தின் பெயரால், அல் முஜாதலா என்று அழைக்கப்படுகிறது. பெண் முறையிட்டால் காதைப் பொத்திக் கொள்வது எந்த மார்க்கம்?

'முஸ்லிமாகி விட்டாரே!'

2022 அக்டோபரில் டேட் தாம் இஸ்லாத்தை ஏற்றுக் கொண்டதாக அறிவித்தார். துபாய் பள்ளிவாசல் ஒன்றில் தொழும் காட்சி உலகெங்கும் பரவியது. நம்மவர்கள் தக்பீர் முழங்கினார்கள். சில பிரச்சாரகர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவரோடு அமர்ந்து பேட்டி எடுத்தார்கள்.

அவர் முஸ்லிம் இல்லை என்று நாம் சொல்லப் போவதில்லை. கலிமா சொன்னவரின் உள்ளத்தை ஆராயும் அதிகாரம் நமக்கு இல்லை. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்து சொன்னதாகக் கருதி உஸாமா (ரலி) கொன்று விட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே அவர் சொன்ன கலிமாவை நாம் ஏற்கிறோம். அல்லாஹ் அவருக்கு ஹிதாயத்தைப் பூரணமாக்குவானாக.

ஆனால் கலிமாவை ஏற்பது ஒன்று. அவரை உஸ்தாதாக ஏற்பது வேறொன்று. இந்த வேறுபாடுதான் நம் இளைஞர்களுக்குப் புரியவில்லை.

முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அறியாமைக் காலத்தில் அவர் சிலரோடு பயணம் போய், அவர்களைக் கொன்று, பொருளை எடுத்துக் கொண்டார். பிறகு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய இஸ்லாத்தை ஏற்றார்கள். அந்தப் பொருளுக்கும் தமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒதுக்கி விட்டார்கள். புகாரியில் ஹுதைபிய்யா உடன்படிக்கை பற்றிய நீண்ட ஹதீஸில் இச்செய்தி உள்ளது.

இதுதான் அளவுகோல்! ஆளை ஏற்போம், அநியாயமாய்ச் சேர்த்த பொருளில் நமக்குப் பங்கில்லை. நாமோ தலைகீழாக நிற்கிறோம். அவருடைய தொழுகையைப் பற்றி நமக்கு அக்கறை இல்லை. அவருடைய காரையும் கைக்கடிகாரத்தையும் வாய் பிளந்து பார்க்கிறோம்.

தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விட வேண்டும். வருந்த வேண்டும். திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அடியார்களின் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். கலிமா சொல்லி இரண்டே மாதம் கழிந்த நிலையில், 2022 டிசம்பர் இறுதியில், தம்மிடம் 33 கார்கள் இருக்கின்றன என்று சுற்றுச்சூழலுக்காகப் போராடும் கிரேட்டா துன்பர்க் என்ற இளம் பெண்ணை வம்புக்கு இழுத்தார். இதுவா வருந்துபவரின் அடையாளம்? செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, தாமே அதை ஊரறியச் சொல்லிப் பெருமையடிப்பவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த எச்சரிக்கையை எந்த மக்தப் பிள்ளையும் அறியும்.

தேதிகளைப் பாருங்கள்!

"முஸ்லிம் ஆனதால்தான் மேற்கத்திய நாடுகள் அவரைப் பழி வாங்குகின்றன" என்று ஒரு வாதம். இஸ்லாத்தின் மீது மேற்கத்திய ஊடகங்களுக்கு உள்ள காழ்ப்புணர்ச்சி நமக்குப் புதிதல்ல. பக்கம் பக்கமாக நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

தொலைக்காட்சி வெளியேற்றியது 2016. ட்விட்டர் நீக்கியது 2017. ருமேனியாவில் அவர் வீட்டில் சோதனை நடந்தது 2022 ஏப்ரல். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் ஆகியவை அவரை நீக்கியது 2022 ஆகஸ்ட். அவர் இஸ்லாத்தை அறிவித்தது 2022 அக்டோபர்.

எது முந்தியது, எது பிந்தியது? வழக்கு முதலில் வந்தது. கலிமா பிறகு வந்தது. அவருடைய எண்ணத்தை நாம் தீர்ப்பிட மாட்டோம். ஆனால் முஸ்லிம் ஆனதால் வழக்கு வந்தது என்ற பொய்யை இனி யாரும் சொல்லாதீர்கள்.

"காஸாவுக்காகப் பேசினாரே!" என்று இன்னொரு வாதம். பேசினார். நல்லதுதான். முஸ்லிமல்லாத லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களிலே பேசினார்கள், யூதர்களும் பேசினார்கள். அதற்காக அவர்களிடம் போய் நிக்காஹ் சட்டம் படிக்கிறோமா?

எதிரி சொன்னால் அவதூறு, இவர் சொன்னால் பாராட்டா?

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். 'அவர் சொல்வதைத்தானே குர்ஆனும் சொல்கிறது?'

சகோதரரே, சிந்தியுங்கள்! இஸ்லாம் பெண்ணை அடிமையாக்குகிறது, அவளை ஆணின் உடைமை ஆக்குகிறது, அடித்து அடக்கச் சொல்கிறது என்று எத்தனை ஆண்டுகளாக எதிரிகள் எழுதுகிறார்கள்? அதை மறுத்து எத்தனை மேடை போட்டோம்? எத்தனை துண்டுப் பிரசுரம் அடித்தோம்? சொத்துரிமை தந்த மார்க்கம், மண விலக்குப் பெறும் உரிமை தந்த மார்க்கம், சம்மதமின்றி மணமில்லை என்ற மார்க்கம் என்று தொண்டை கிழியக் கத்தினோமா, இல்லையா?

இன்று ஒருவர் வந்து அதே அவதூறைப் பாராட்டாக மாற்றிச் சொல்கிறார். பெண் ஆணின் உடைமை, அவள் அடங்கிக் கிடக்க வேண்டும் என்கிறார். இஸ்லாம்தான் அதற்கு ஏற்ற மதம் என்று அவருடைய ரசிகர்கள் மெச்சிக் கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்! எதிரி வசையாகச் சொன்னபோது பொய்யாக இருந்தது, ரசிகன் புகழ்ச்சியாகச் சொன்னதும் உண்மையாகி விட்டதா? கல்லை மாலைக்குள் மறைத்து எறிந்தாலும் கல் கல்தானே!

குர்ஆன் 4:34 வசனம் ஆண்களைப் பெண்களின் நிர்வாகிகள் என்கிறது. ஏன் என்ற காரணத்தையும் அதே வசனம் சொல்லி விடுகிறது. ஆண்கள் தம் பொருளைப் பெண்களுக்காகச் செலவிடுகிறார்கள் என்பது அக்காரணங்களில் ஒன்று. கவனியுங்கள்! ஆண் செலவு செய்பவன், பெண்ணுக்காக உழைப்பவன், அதனால் அவன் பொறுப்பாளன். ஆண்ட்ரூ டேட்டின் தொழில் என்ன? பெண்ணைக் காமிராவுக்கு முன் உட்கார வைத்து, அவள் மானத்தை விற்ற காசில் ஆண் கார் வாங்குவது. குர்ஆன் சொன்ன ஆண் பெண்ணுக்குச் சோறு போடுகிறான். இந்த ஆண் பெண்ணின் மானத்தில் சோறு தின்கிறான். இரண்டும் ஒன்றா?

இந்தத் தொழிலைப் பற்றி குர்ஆனில் நேரடியாகவே பேச்சு உண்டு. மதீனாவில் அப்துல்லாஹ் பின் உபை என்பவன் தன் அடிமைப் பெண்களை விபச்சாரத்துக்கு அனுப்பி அதில் சம்பாதித்தான். அதைத் தடுத்து அந்நூர் அத்தியாயத்தின் 33வது வசனம் இறங்கியது என்று முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. அந்த அப்துல்லாஹ் பின் உபை யார் தெரியுமா? அவனும் கலிமா சொன்னவன்தான். பள்ளிவாசலுக்கு வந்தவன்தான். வரலாறு அவனை எந்தப் பெயரில் நினைவு வைத்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. டேட்டை முனாஃபிக் என்று நான் சொல்லவில்லை. உள்ளத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் அந்தத் தொழிலை இஸ்லாத்தின் எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆண்மை என்றால் என்ன என்று அறிய வேண்டுமா? இருபத்தைந்து வயதில் ஒரு பெண் வணிகரின் சரக்கைக் கொண்டு போய் நாணயமாக விற்று, கணக்கை ஒப்படைத்து, அவருடைய மதிப்பைப் பெற்று, அவரையே மணந்து, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயரைக் கேட்டால் நெகிழ்ந்த ஒரு மனிதர் இருந்தார்கள். வீட்டில் மனைவியருக்கு வேலையில் உதவினார்கள். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். பெண்ணையோ பணியாளரையோ ஒருபோதும் தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். அதே மனிதர்தான் பத்ரிலும் ஹுனைனிலும் வாள்களுக்கு முன் நின்றவர்கள். இவருடைய உம்மத்துக்கு ஆண்மையைக் கற்றுத் தர ருமேனியாவிலிருந்து ஆள் வர வேண்டுமா?

சவுத்போர்ட்டில் என்ன நடந்தது?

'அவர் நமக்காகப் பேசுகிறார்' என்பவர்களுக்கு இதையும் நினைவுபடுத்துகிறேன்.

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் நடன வகுப்பில் இருந்த மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். நெஞ்சைப் பிளக்கும் கொடுமை. உடனே, கொன்றவன் படகில் வந்த அகதி, முஸ்லிம் என்று வதந்தி பரவியது. உண்மை என்ன? அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன், 17 வயதுடையவன், முஸ்லிமல்ல. வதந்தியை நம்பிய கும்பல் மறுநாள் இரவு சவுத்போர்ட் பள்ளிவாசலைச் செங்கற்களால் தாக்கியது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. ஹிஜாப் அணிந்த சகோதரிகள் வெளியே வரப் பயந்தார்கள்.

அந்த நாட்களில், சட்டவிரோதமாகப் படகில் வந்தவன் செய்தது இது என்ற பொய்யைத் தம்மைப் பின்தொடரும் பல லட்சம் பேருக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் யார்? நமது 'வீரச் சகோதரர்' ஆண்ட்ரூ டேட்! செய்தி வந்தால் விசாரித்து உறுதி செய்யுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து விடாதீர்கள் என்ற கருத்துள்ள அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை அவருக்கு இல்லையா? பரபரப்பை விற்றுப் பிழைப்பவருக்கு நேற்று பெண்கள் சரக்கு. அன்று அகதிகள் சரக்கு. நாளை நாம் சரக்கு.

வரி விஷயத்திலும் நீதிமன்றமே முடிவு சொல்லியிருக்கிறது. 2014 முதல் 2022 வரை சகோதரர்களின் தொழில்களில் வந்த சுமார் 2 கோடியே 10 லட்சம் பவுனுக்கு எந்த நாட்டிலும் வரி கட்டவில்லை என்ற காவல்துறையின் மனுவை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்று, 20 லட்சம் பவுனுக்கு மேல் பறிமுதல் செய்ய அனுமதித்தது. இளைஞர்களுக்குப் பணம் சம்பாதிக்கக் கற்றுக் கொடுக்கும் பேராசிரியரின் யோக்கியதை இது.

குற்றம் அவரிடம் மட்டுமா?

இத்துடன் நிறுத்திக் கொண்டால் நீங்களும் நானும் நல்லவர்களாகி விடுவோம். அது எனக்குச் சம்மதமில்லை.

நம் பிள்ளை ஏன் அவரிடம் போனான்? இருபது வயதுப் பிள்ளைக்கு ஆயிரம் கேள்விகள். ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது? கல்யாணத்துக்கு எப்போது தகுதி வரும்? வேலை இல்லாதவனை யார் மதிப்பார்? அத்தாவிடம் கேட்க முடியாது; அவர் துபாயிலோ கடையிலோ இருக்கிறார். வீட்டில் இருந்தாலும் பேச்சு இல்லை. பள்ளிவாசலுக்கு வந்தால் ஆலிம்களாகிய நாங்கள் ஒளுவின் சட்டங்களை இருபதாவது தடவையாகச் சொல்கிறோம். வாசலில் நின்ற பிள்ளையை நாம் உள்ளே கூப்பிடவில்லை. வேறொருவன் கூப்பிட்டுக் கொண்டான்.

அடுத்து வரதட்சணை. பெண்ணின் மானத்தில் சோறு தின்பவன் என்று டேட்டைச் சொன்னேன். பெண் வீட்டில் ரொக்கமும் நகையும் மோட்டார் சைக்கிளும் வாங்கிக்கொண்டு மேடையில் மாலையோடு உட்காரும் மாப்பிள்ளையை என்னவென்று சொல்வது? மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் 4:4. நாமோ ஆயிரத்தொரு ரூபாய் மஹரைத் தஃப்தரில் எழுதி விட்டு, லட்சங்களை மாமனாரிடம் கறக்கிறோம். அங்கே காதல் என்று சொல்லிப் பெண்ணைப் பணமாக்குகிறார்கள். இங்கே கல்யாணம் என்று சொல்லிப் பெண்ணின் தகப்பனைப் பணமாக்குகிறோம். குற்றத்தின் அளவில் பெரும் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெண்ணால் தனக்கு என்ன வரும் என்று கணக்குப் போடும் புத்தி ஒன்றேதான். தகப்பன் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு டேட்டின் பேச்சு இனிக்காமல் என்ன செய்யும்?

வரதட்சணைத் திருமணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு துஆ ஓதி வரும் ஆலிம்களும் இதில் பங்காளிகள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். முன்பு நானும் அப்படி ஓதியவன்தான். அல்லாஹ் மன்னிப்பானாக.

என்ன செய்ய வேண்டும்?

பெற்றோர்களே! செல்போனைப் பறித்தால் தீராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பார்ப்பான். அவனோடு உட்காருங்கள். 'நீ யாருடைய பேச்சைக் கேட்கிறாய், எனக்கும் போட்டுக் காட்டு' என்று கேளுங்கள். சேர்ந்து பாருங்கள். பிறகு அவன் தாயை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை அவன் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய பயான் இல்லை.

கிளை நிர்வாகிகளே! மாதம் ஒரு முறை இளைஞர்களுக்கென்று தனி அமர்வு வையுங்கள். நிக்காஹ், மஹர், மனைவியின் உரிமை, ஹலாலான சம்பாத்தியம் ஆகியவற்றைப் பேசுங்கள். எழுதிப் போட்ட கேள்விக்குப் பெயர் கேட்காமல் பதில் சொல்லுங்கள். கேலி செய்யாதீர்கள். ஒரு தடவை சிரித்து விட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வர மாட்டான்.

ஜமாஅத்தார்களே! வரதட்சணை வாங்கும் திருமணத்துக்குத் தஃப்தர் கொடுப்பதில்லை என்று முடிவெடுங்கள்.

இளைஞர்களே! ஒருவர் இஸ்லாத்துக்கு வந்தால் மகிழுங்கள்; அவருக்காக துஆ செய்யுங்கள். ஆனால் வந்தவர் நம்மிடம் கற்க வந்தாரா, கற்பிக்க வந்தாரா என்று பாருங்கள். அவருடைய ஐந்து வருடப் பேச்சில் ஒரு பெண்ணுக்கு மஹர் கொடுப்பதைப் பற்றி, தாயின் காலடியைப் பற்றி, மகளை வளர்ப்பவருக்குக் கிடைக்கும் சுவனத்தைப் பற்றி என்ன கேட்டீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர் ஒன்று சொன்னார்: "ஹஜ்ரத், இப்படி உட்கார்ந்து எங்களோடு யாரும் பேசினதில்லை." நமக்கு இதைவிடக் கடுமையான கண்டனம் வேறு இல்லை.

முகீரா (ரலி) அவர்களின் இஸ்லாம் ஏற்கப்பட்டது. அவர் கொண்டு வந்த பொருள் மறுக்கப்பட்டது. ஆண்ட்ரூ டேட்டின் கலிமாவை ஏற்போம். அவர் மூட்டை கட்டிக் கொண்டு வந்திருக்கும் ஆண்மையை மதீனாவின் வாசலிலேயே நிறுத்துவோம். அது நம் பெண் மக்களுக்கு நாம் பட்ட கடன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நேர்வழியில் நிலைநிறுத்துவானாக! வஸ்ஸலாம்.